வெப் டிசைன் கற்க வருபவர்களுக்கு: எந்த மென்பொருள், எந்தத் திறன், எந்த வரிசையில்

"அண்ணா, வெப் டிசைன் கத்துக்கணும். போட்டோஷாப்ல ஆரம்பிக்கவா, ஃபிக்மாவா, இல்ல நேரா வேர்ட்பிரஸ்ஸுக்குப் போயிடவா?"

மாதத்துக்கு ஒருவராவது என்னிடம் இப்படிக் கேட்கிறார். கல்லூரி முடித்தவர், டிடிபி வேலையிலிருந்து மாற நினைப்பவர், பிள்ளை பள்ளிக்கூடம் போகத் தொடங்கியபின் வீட்டிலிருந்தே ஏதாவது செய்யலாம் என்று வருபவர். எல்லோரும் மென்பொருளின் பெயரில்தான் தொடங்குகிறார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: யாருக்காகப் பக்கம் செய்யப்போகிறீர்கள்? அதற்குப் பதில் கிடைத்துவிட்டால், எதை இன்று கற்கவேண்டும், எதை ஆறு மாதம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம் என்பது பெரும்பாலும் தெளிந்துவிடும்.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. நான் படித்த பயிற்சி மையத்தில் ஆறு மாத வகுப்பு. இரண்டு மாதம் போட்டோஷாப், இரண்டு மாதம் ஃபிளாஷ், மீதி டிரீம்வீவர். வலைப்பக்கத்தை எழுதும் மொழியான எச்டிஎம்எல்லைக் கையால் எழுதக் கற்றுக்கொடுத்தது நடுவில் வந்த பத்து நாள்தான். இன்று திரும்பிப் பார்த்தால், ஃபிளாஷ் 2020 டிசம்பர் 31-உடன் நிறுத்தப்பட்டுவிட்டது. டிரீம்வீவரைக் கடைசியாக எப்போது திறந்தேன் என்று நினைவில்லை. அந்தப் பத்து நாள் பாடத்தை மட்டும் தினமும் பயன்படுத்துகிறேன். டிம் பெர்னர்ஸ்-லீ 1991-இல் செர்ன் ஆய்வகத்தில் வெளியிட்ட முதல் வலைத்தளத்தின் பக்கத்தை இன்றைய கைப்பேசியில் திறந்தாலும் படிக்க முடிகிறது. மென்பொருள்கள் வந்து போயின, அடியில் இருக்கும் மொழி நின்றது. ஆறு மாத உழைப்பை எங்கே போடுவது என்று முடிவு செய்யும்போது இதை மனதில் வையுங்கள்.

இன்னொன்று. நிரல் வரிகளை ஆங்கில எழுத்தில்தான் தட்டவேண்டும். இங்கே அவற்றை உச்சரிப்பில் எழுதுகிறேன்.

முதலில் ஒரு கடையைப் பிடியுங்கள்

கற்பனையான நிறுவனத்துக்குப் பக்கம் செய்யாதீர்கள். அதில் உங்களைக் கேள்வி கேட்க ஆளிருக்காது. தெரிந்தவர் கடை, மாமாவின் நாற்றுப் பண்ணை, பக்கத்து வீட்டு டியூஷன், ஊர் நூலகம் என்று உண்மையில் இருக்கும் ஒன்றை எடுங்கள். ஒரே பக்கம் போதும்.

நான் பழகுபவர்களுக்கு எங்கள் தெருமுனைத் தையல் கடையைத்தான் எடுத்துக்காட்டாகச் சொல்வேன். அந்த அக்காவுக்குப் பக்கம் செய்யலாம் என்று போனபோது, வண்ணம் என்ன வேண்டும், படம் என்ன வேண்டும் என்று கேட்காமல் இப்படிக் கேட்டேன்.

"அக்கா, உங்களுக்கு வர்ற போன்ல முக்காவாசிப் பேர் என்ன கேக்குறாங்க?"

"கடை திறந்திருக்கான்னுதான் தம்பி. அப்புறம் ஆரி ஒர்க் எவ்ளோன்னு. முகூர்த்த மாசம்னா, இன்னைக்குக் குடுத்தா எப்போ கிடைக்கும்னு."

பக்கத்தின் வடிவம் அங்கேயே கிடைத்துவிட்டது. திறக்கும் நேரம் மேலே. அதற்குக் கீழே விலைப்பட்டியல். எத்தனை நாளில் கிடைக்கும் என்று ஒரு வரி. தொட்டவுடன் அழைப்பு போகும் தொலைபேசி எண். வாட்ஸ்அப், வரைபடம், தைத்த ரவிக்கைகளின் படங்கள் ஆறு. "எங்களைப் பற்றி" என்று நான்கு பத்தி எழுத நான் நினைத்திருந்தேன், அதை அக்கா கேட்கவே இல்லை.

இந்தக் கேள்வி கேட்கும் பழக்கத்தைத்தான் வடிவமைப்பின் முதல் திறன் என்பேன். இதற்கு எந்த மென்பொருளும் வேண்டாம். ஒரு நோட்டும் பேனாவும் போதும். கேட்டதையெல்லாம் எழுதி, எது மேலே எது கீழே என்று தாளில் நாலைந்து செவ்வகங்களாக வரையுங்கள். கைப்பேசித் திரை வடிவில், ஒடுக்கமாக வரையுங்கள். கடைக்கு வருபவர்கள் கைப்பேசியில்தான் பார்க்கப் போகிறார்கள்.

கணினியும் மென்பொருளும்

புது மேக்புக் வாங்கினால்தான் டிசைன் வரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 8 ஜிபி ராம் உள்ள பழைய மடிக்கணினி தாராளமாகப் போதும். 4 ஜிபியிலும் ஓட்டலாம், குரோமில் இருபது டேப் திறந்து வைக்காமல் இருந்தால். விண்டோஸா லினக்ஸா என்பது இந்தக் கட்டத்தில் பொருட்டில்லை.

எழுதுவதற்கு விஎஸ் கோட். மைக்ரோசாஃப்ட் 2015-இல் வெளியிட்டது, இலவசம். மிகப் பழைய கணினி என்றால் நோட்பேட் பிளஸ் பிளஸ் போடுங்கள், அதுவும் இலவசம், இன்னும் எடை குறைவு. வேர்டில் மட்டும் எழுதாதீர்கள். வேர்ட் நேரான மேற்கோள் குறியை வளைந்த குறியாக மாற்றிவிடும். அதை நகலெடுத்து நிரலில் ஒட்டினால் பக்கம் உடையும். கண்ணுக்குப் பிழையே தெரியாது. இதைத் தேடி ஒரு மாலை முழுக்க வீணாக்கியவர்களை எனக்குத் தெரியும்.

பார்ப்பதற்கு குரோம் அல்லது ஃபயர்ஃபாக்ஸ். இரண்டிலும் எஃப்12 விசையை அழுத்தினால் டெவலப்பர் டூல்ஸ் திறக்கும். புதிதாக வருபவர்கள் கவனிக்காமல் விடும் மிகப் பெரிய ஆசான் இது. எந்தத் தளத்தில் எந்தப் பெட்டியையும் சுட்டி, அது எப்படிச் செய்யப்பட்டிருக்கிறது என்று பார்க்கலாம், அங்கேயே எண்களை மாற்றிப் பார்க்கலாம். உங்களுக்குப் பிடித்த செய்தித் தளத்தைத் திறந்து தலைப்பின் எழுத்தளவை மாற்றுங்கள். உங்கள் திரையில் மட்டும்தான் மாறும், யாருக்கும் ஒன்றும் ஆகாது. பயம் போக இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

படங்களைத் திருத்த போட்டோபீ. உலாவியிலேயே திறக்கும், முகப்பு ஏறக்குறைய போட்டோஷாப் மாதிரியே இருக்கும், போட்டோஷாப் கோப்புகளையும் திறக்கும். கணினியில் நிறுவ விரும்பினால் கிம்ப். லோகோ மாதிரி கோட்டுருவங்களுக்கு இங்க்ஸ்கேப். எல்லாம் இலவசம். கிராக் செய்த போட்டோஷாப்பை நண்பரின் பென்டிரைவிலிருந்து ஏற்றிக்கொள்ள வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். அதோடு என்னென்ன வருகிறது என்று உங்களுக்குத் தெரியாது. நாளை வாடிக்கையாளரின் கடவுச்சொற்களும் அதே கணினியில்தான் இருக்கப்போகின்றன.

வரைவு செய்ய ஃபிக்மா. இதுவும் உலாவியில் ஓடும், இலவசத் திட்டம் கற்பதற்குப் போதும். திறமூலமாக வேண்டும் என்றால் பென்பாட். ஆனால் முதல் மாதம் இரண்டையும் தொடாதீர்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

முதல் மாலை

கணினியில் ஒரு கோப்புறை உருவாக்குங்கள். விஎஸ் கோடில் அதைத் திறந்து, இன்டெக்ஸ் டாட் எச்டிஎம்எல் என்று ஒரு கோப்பு. காலியான அந்தக் கோப்பில் ஆச்சரியக்குறி ஒன்றைத் தட்டி டேப் விசையை அழுத்துங்கள். பக்கத்தின் எலும்புக்கூடு முழுதாக வந்து நிற்கும். அதில் மூன்று வரிகளை மட்டும் இன்று புரிந்துகொள்ளுங்கள்.

ஒன்று, மேலே லாங் என்று இருக்கும் இடம். தானாக "இஎன்" என்று, அதாவது ஆங்கிலம் என்று வந்திருக்கும். தமிழ்ப் பக்கத்துக்கு அதை "டிஏ" என்று மாற்றவேண்டும். பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் திரைவாசிப்பான் எந்த மொழிக் குரலில் படிக்கவேண்டும் என்று இதை வைத்துத்தான் தெரிந்துகொள்கிறது. மாற்றாமல் விட்டால், ஆங்கிலக் குரலுக்குத் தமிழ் எழுத்தைப் படிக்கச் சொன்னது போலாகும். இந்த ஒரு திருத்தத்தைத் தமிழ்த் தளங்கள் பலவும் இன்னும் செய்யாமலிருப்பது எனக்கு வருத்தம்.

இரண்டு, சார்செட் என்ற வரி. யுடிஎஃப்-8 என்றிருக்கும். அது இல்லாவிட்டால் தமிழ் எழுத்துகள் புரியாத குறிகளாகச் சிதறலாம். கை வைக்காதீர்கள்.

மூன்று, வியூபோர்ட் என்ற வரி. இது இல்லாத பக்கத்தைக் கைப்பேசி சுமார் 980 பிக்சல் அகலப் பக்கமாக எடுத்துக்கொண்டு, அதைச் சுருக்கிக் காட்டும். எழுத்து எறும்பு மாதிரி தெரியும். ஒருமுறை அழித்துப் பார்த்துவிட்டுத் திரும்பப் போடுங்கள், பிறகு மறக்கமாட்டீர்கள்.

அப்புறம் பாடி பகுதிக்குள் கடையின் பெயரை எச்1 என்ற தலைப்புக் குறிக்குள் (டேக்) எழுதுங்கள், நேரம், விலை என்ற தலைப்புகளை எச்2-க்குள், விலைப்பட்டியலை டேபிள் குறிகளுக்குள். பக்கத்தைத் திறந்தால் வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்தாக, அழகே இல்லாமல் இருக்கும். அது சரியான நிலை. அழகு இல்லாதபோதும் மேலிருந்து கீழே படித்தால் பொருள் விளங்குகிறதா என்று மட்டும் பாருங்கள். தலைப்பைப் பெரிதாக்க எச்1 போடுவது, சிறிதாக்க எச்4 போடுவது என்ற பழக்கம் வந்துவிடக் கூடாது. எண் பொருளின் படிநிலையைச் சொல்கிறது. அளவு வேறிடத்தில் வரும்.

இரண்டு வாரம், தினம் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் எச்டிஎம்எல்லில் தொடக்கத்துக்கு வேண்டியது பழகிவிடும். சந்தேகம் வந்தால் எம்டிஎன் தளத்தைப் பாருங்கள், மொசில்லா நடத்துவது. டபிள்யூ3ஸ்கூல்ஸ் எளிமையாக இருக்கும், ஆனால் அதன் பெயரை வைத்து வலைத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் தளம் என்று நினைத்துவிட வேண்டாம், இரண்டுக்கும் தொடர்பில்லை. பாடத்தோடு பயிற்சியும் வேண்டுமென்றால் ஃப்ரீகோட்கேம்ப். இவை பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான். ஆங்கிலம் தயக்கம் என்றால் யூடியூபில் தமிழ் விளக்கத்தைக் கேட்டுவிட்டு எம்டிஎன்னில் அதே குறியின் பக்கத்தைத் திறந்து எடுத்துக்காட்டை மட்டும் தட்டிப் பாருங்கள். காணொளியைப் பார்த்து முடிப்பது கற்றதாகாது. நிறுத்தி நிறுத்தி, நீங்களே தட்டவேண்டும்.

தமிழ் எழுத்து

ஆங்கிலப் பாடங்கள் சொல்லித்தராத பகுதி இது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கடைக்காரர் தரும் விவரங்கள் பல நேரம் டிடிபி சென்டரில் அடித்த கோப்பாக வரும். அதை நகலெடுத்து ஒட்டினால் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்து கொட்டும். காரணம், அது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டப்பட்டது. அங்கே ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் உருவம் ஒட்டப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். யூனிகோடில்தான் தமிழுக்கென்று தனி இடம் இருக்கிறது. என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற கருவியால் மாற்றிக்கொள்ளலாம். மாற்றியபின் ஒருமுறை வரிவரியாகப் படியுங்கள், சில எழுத்துகள் வழுக்கியிருக்கும். கடை விலாசத்தில் ஒரு எழுத்து மாறினாலும் அவர்களுக்குத்தான் கஷ்டம்.

போட்டோஷாப்பில் பதாகை செய்பவர்களுக்கு ஒரு குறிப்பு. "கொ" என்று தட்டினால் கொம்பும் காலும் இடம் மாறித் தனித்தனியாக நின்றால் எழுத்துருவைக் குறை சொல்லாதீர்கள். பழைய பதிப்பு என்றால் அமைப்புகளில் எழுத்துப் பகுதிக்குப் போய்த் தெற்காசிய மொழிகளுக்கான வேர்ல்டு ரெடி தேர்வை இயக்கவேண்டும். இதற்காகப் பழைய எழுத்துருவுக்கே திரும்பிப் போனவர்கள் பலர். ஆனால் இதைவிட முக்கியம், பக்கத்தில் வரும் எழுத்தைப் படமாகப் போடாதீர்கள். படத்திலிருக்கும் விலைப்பட்டியலில் ஒரு விலை மாறினாலும் முழுப் படத்தையும் மறுபடி செய்யவேண்டும், கைப்பேசியில் மங்கும், தேடுபொறியும் எழுத்தாக எடுத்துக்கொள்ளும் என்று நம்பமுடியாது.

எழுத்துருவுக்கு கூகுள் ஃபாண்ட்ஸ் தளத்தில் நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை போன்றவை இலவசம். ஒரு பக்கத்துக்கு ஒன்று போதும், மிஞ்சினால் இரண்டு. உண்மையில் எதையும் சேர்க்காவிட்டாலும் பெரிய நட்டமில்லை. ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் பொதுவாக நோட்டோ தமிழும், இன்றைய விண்டோஸில் நிர்மலாவும் ஏற்கெனவே இருக்கின்றன. இணைப்பு மந்தமான இடத்தில் அந்தச் சில நூறு கிலோபைட் மிச்சமாவதும் நல்லதுதான்.

அளவுகளை ஆங்கிலப் பாடத்திலிருந்து அப்படியே எடுக்காதீர்கள். தமிழில் "கீ", "நூ", "ழூ" போன்றவற்றில் விசிறியும் சுழியும் வரிக்கு மேலும் கீழும் நீள்கின்றன. வரியின் உயரத்தை 1.2 என்று வைத்தால் மேல்வரியின் ஊகாரக் கொடி கீழ்வரியின் ஈகாரச் சுழியோடு முட்டும். 1.7-இல் தொடங்கிக் கண்ணால் பார்த்துக் கூட்டுங்கள், குறையுங்கள். எழுத்தளவு 17 அல்லது 18 பிக்சல். சாய்வெழுத்தைத் தவிருங்கள், பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் தனியான சாய்வு வடிவம் கிடையாது, உலாவி எழுத்தைப் பிடித்துச் சாய்த்துக் காட்டும்.

பொத்தான்களைப் பற்றியும் சொல்லவேண்டும். ஆங்கிலத்தில் காண்டாக்ட் என்ற ஏழெழுத்து நிற்கும் இடத்தில் "தொடர்புகொள்ளுங்கள்" என்று எழுதினால் 360 பிக்சல் அகலத் திரையில் பொத்தானை விட்டு வெளியே வழியும். எழுத்தைச் சிறிதாக்குவதற்குப் பதிலாகச் சொல்லைச் சிறிதாக்குங்கள். "அழைக்க", "வழி", "விலை". நல்ல சொல் தேடுவதும் வடிவமைப்பாளரின் வேலையே.

இன்னொரு வசதிக்குறிப்பு: உள்ளடக்கம் முழுவதையும் முதலில் தனி உரைக்கோப்பில் தமிழில் தட்டி முடித்துவிட்டு, பிறகு நிரல் எழுதும்போது ஒட்டுங்கள். விசைப்பலகையை நிமிடத்துக்கு நான்கு முறை மாற்றிக்கொண்டிருந்தால் இரண்டு வேலையும் கெடும்.

சிஎஸ்எஸ்: அதிக நேரம் இங்கே

பக்கத்தின் தோற்றத்தையெல்லாம் சிஎஸ்எஸ் கவனித்துக்கொள்கிறது. 1994-இல் முன்மொழியப்பட்டு 1996 டிசம்பரில் முதல் தரநிலையாக வந்தது. பலர் இதை ஒரு வாரத்தில் ஓட்டிவிட்டு, பக்கத்தை இயங்கவைக்கும் மொழியான ஜாவாஸ்கிரிப்ட்டுக்குத் தாவுகிறார்கள். அப்புறம் இரண்டு வருடம் ஆனாலும் ஒரு பெட்டியை நடுவில் நிறுத்தத் தடுமாறுகிறார்கள். என் கணிப்பில் மூன்று மாதமாவது இங்கே தங்கவேண்டும்.

முதலில் பெட்டி. சுவரில் மாட்டிய புகைப்படத்தை நினைத்துக்கொள்ளுங்கள். படம் உள்ளடக்கம். படத்துக்கும் சட்டத்துக்கும் இடையில் விடும் அட்டை பேடிங். மரச்சட்டம் பார்டர். பக்கத்துப் படத்துக்கும் இதற்கும் உள்ள சுவர் இடைவெளி மார்ஜின். வலைப்பக்கத்தில் கண்ணில் படும் ஒவ்வொன்றும் இப்படி ஒரு பெட்டிதான்.

இப்போது ஒரு சோதனை. ஒரு பெட்டிக்கு அகலம் 300 பிக்சல், பேடிங் 20, பார்டர் 1 என்று கொடுங்கள். எஃப்12 அழுத்தி அளந்து பாருங்கள். 342 என்று வரும். இருபுறமும் 20, இருபுறமும் 1, உள்ளே 300. நீங்கள் கேட்டது 300, கிடைத்தது 342. கைப்பேசியில் பக்கம் இடமும் வலமும் ஆடுவதற்கு நான் பார்த்த காரணங்களில் இதுவே அதிகம்: நூறு விழுக்காடு அகலம் கொடுத்து, அதன்மேல் பேடிங்கும் கொடுத்திருப்பார்கள். பாக்ஸ்-சைசிங் என்பதை பார்டர்-பாக்ஸ் என்று வைத்தால் 300 என்றால் 300-தான், பேடிங் உள்ளே அடங்கும். இதைப் பாடமாகப் படிப்பதைவிட 342 என்று கண்ணால் பார்ப்பதுதான் மனதில் நிற்கும்.

பெட்டி புரிந்தபின் ஃபிளெக்ஸ்பாக்ஸ். தொலைபேசி, வாட்ஸ்அப், வரைபடம் என்ற மூன்று பொத்தான்களை ஒரு வரிசையில் நிறுத்த இது. ரவிக்கைப் படங்கள் ஆறையும் வரிசையும் பத்தியுமாக அடுக்க கிரிட், 2017-இல் முக்கிய உலாவிகளுக்கெல்லாம் வந்தது. இரண்டையும் விளையாட்டாகக் கற்க ஃபிளெக்ஸ்பாக்ஸ் ஃப்ராகி, கிரிட் கார்டன் என்று இரண்டு தளங்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் ஒரு மாலைதான் ஆகும். பழைய காணொளிகளில் ஃப்ளோட் என்ற பழைய முறையை வைத்து பக்கம் அடுக்குவதைக் காட்டினால், அந்தப் பகுதியைத் தாண்டிப் போங்கள்.

கடைசியாக மீடியா குவரி. திரை அகலமானால் விலைப்பட்டியலும் படங்களும் பக்கம்பக்கமாக, குறுகினால் ஒன்றன்கீழ் ஒன்றாக. முதலில் கைப்பேசிக்கு எழுதி முடித்துவிட்டுப் பெரிய திரைக்குச் சேர்த்துக்கொண்டே போங்கள். தலைகீழாகச் செய்தால் எழுதியதையெல்லாம் அழித்து அழித்து எழுதவேண்டிவரும்.

வண்ணத்தில் ஒரே எச்சரிக்கை. வெளிர்சாம்பல் எழுத்து நாகரிகமாகத் தெரியும், வெயிலில் கைப்பேசியைப் பிடித்தால் ஒன்றும் தெரியாது. சாதாரண அளவு எழுத்துக்கு, பின்னணியோடு 4.5-க்கு 1 என்ற வேறுபாடாவது வேண்டும் என்பது அணுகல்தன்மை விதி. வெள்ளையில் 777777 என்ற சாம்பல் 4.48 வரும், மயிரிழையில் தேறாது. அதையும் அதைவிட வெளிறிய எதையும் உரைக்குப் போடாதீர்கள். கடைக்கு வருபவர்களில் பாதிப் பேர் கண்ணாடி போட்டவர்கள்.

படங்கள்

கைப்பேசியில் எடுத்த படம் 4 எம்பி இருக்கும். ஆறு படம் போட்டால் 24 எம்பி. ஸ்குவூஷ் என்ற தளத்தில் அகலத்தை 1200 பிக்சலாகக் குறைத்து வெப்பி வடிவில் சேமித்தால் ஒவ்வொன்றும் 200 கேபிக்குள் அடங்கிவிடும். ஒவ்வொரு படத்துக்கும் ஆல்ட் விவரம், அதாவது படத்தைப் பார்க்க முடியாதவருக்கான விளக்கம், எழுதுங்கள். "படம் 1" என்று வேண்டாம், "நீலப் பட்டு ரவிக்கை, கையில் ஆரி வேலைப்பாடு" என்று.

அப்புறம் கோப்பின் பெயர். எல்லாம் சிறிய ஆங்கில எழுத்து, இடைவெளி இல்லாமல். விண்டோஸ் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் ஒன்றாகப் பார்க்கும். உங்கள் பக்கம் போய் உட்காரும் சர்வர் பெரும்பாலும் லினக்ஸ், அது வேறுவேறாகப் பார்க்கும். வீட்டில் தெரிந்த படம் ஏற்றியபின் காணாமல்போனால் முதலில் கோப்புப் பெயரின் கடைசி மூன்று எழுத்தைப் பாருங்கள், கேமரா அதைப் பெரிய எழுத்தில் வைத்திருக்கும். இரண்டாவதாக, படத்தின் பாதை சி டிரைவிலிருந்து தொடங்குகிறதா என்று பாருங்கள். அந்த சி டிரைவ் உங்கள் வீட்டில்தான் இருக்கிறது.

இப்போது ஃபிக்மா

ஃபிக்மாவைத் தள்ளிவைக்கச் சொன்னதற்குக் காரணம் இதுதான். ஃபிக்மாவில் எதையும் எங்கும் வைக்கலாம். உரை வளராது, திரை சுருங்காது, படம் வராமல்போகாது. பக்கத்தை ஒருமுறை கையால் கட்டியவருக்கு இது தெரியும், அதனால் கட்டக்கூடியதை வரைவார். முதலிலேயே ஃபிக்மாவில் மூழ்கியவர்கள் அழகான படங்களை வரைந்துவிட்டு, அதைக் கட்டுபவரோடு சண்டை போடுவதைப் பார்த்திருக்கிறேன்.

நுழைந்தபின் இப்படிப் பழகுங்கள். உங்களுக்குப் பிடித்த தளத்தின் ஒரு பக்கத்தைப் பார்த்து, இடைவெளி, எழுத்தளவு, வண்ணம் எல்லாம் ஒத்துப்போகும்படி அப்படியே வரையுங்கள். பயிற்சிக்கு மட்டும், உங்கள் வேலை என்று காட்ட வேண்டாம். வரையும்போதுதான் இடைவெளிகள் 8, 16, 24 என்று ஒரு முறையில் போவது கண்ணில் படும். கண் பழகுவது இப்படித்தான். ஆட்டோ லேஅவுட் என்பதைக் கட்டாயம் கற்றுக்கொள்ளுங்கள், ஃபிளெக்ஸ்பாக்ஸ் தெரிந்தவருக்கு அது அரைமணி நேர வேலை.

இணையத்தில் ஏற்றுவது

பக்கம் முழுமையாகும்வரை காத்திருக்காதீர்கள். முதல் வாரமே ஏற்றுங்கள். நெட்லிஃபை டிராப் என்ற தளத்தில் கோப்புறையை இழுத்துப் போட்டால் முகவரி ஒன்று கிடைக்கும். நிரல்களைச் சேமித்துவைக்கும் கிட்ஹப் தளத்தில் கணக்குத் தொடங்கினால் கிட்ஹப் பேஜஸ் இலவசமாகப் பக்கத்தை வைத்துக்கொள்ளும். கட்டளைகளைப் பிறகு கற்கலாம், தொடக்கத்தில் உலாவி வழியாகவே கோப்புகளை ஏற்றமுடியும். உங்கள் பக்கத்தின் முகவரியை வாட்ஸ்அப்பில் அம்மாவுக்கு அனுப்பி, அவர் கைப்பேசியில் அது திறக்கும்போது வரும் மகிழ்ச்சி அடுத்த மூன்று மாதத்துக்கு உங்களை இழுத்துக்கொண்டு போகும்.

ஜாவாஸ்கிரிப்ட், வேர்ட்பிரஸ், செயற்கை நுண்ணறிவு

இந்த மூன்றையும் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜாவாஸ்கிரிப்ட்டைத் தேவை வரும்போது தொடங்குங்கள். தையல் கடைப் பக்கத்தில் "இப்போது திறந்திருக்கிறது" என்று நேரத்தைப் பார்த்துக் காட்டவேண்டும் என்றால் அதுதான் உங்கள் முதல் பாடம். ரியாக்ட், டெயில்விண்ட் போன்ற கூடுதல் கருவிகள் எல்லாம் அதற்கும் பின்னால், வேலைக்கு விண்ணப்பிக்கும்போது.

நிரல் எழுதாமலே தளத்தை உருவாக்கி நடத்த உதவும் வேர்ட்பிரஸ் 2003-இல் வந்தது, இன்று உலகின் வலைத்தளங்களில் நாற்பது விழுக்காட்டுக்கும் மேல் அதில் ஓடுகின்றன. உள்ளூர் வாடிக்கையாளர்களிடமிருந்து வருமானம் வேண்டுமானால் அது கட்டாயம் தெரியவேண்டும். சிஎஸ்எஸ் தெரிந்தபின் போனால், தீம் எனப்படும் ஆயத்தத் தோற்ற அமைப்பை உங்கள் விருப்பத்துக்கு வளைக்கலாம். தெரியாமல் போனால் ஒவ்வொரு சின்ன மாற்றத்துக்கும் பிளகின் என்ற துணைநிரல் ஒன்றைத் தேடுவீர்கள், தளம் கனத்துப்போகும்.

சாட்ஜிபிடி போன்றவற்றிடம் "தையல் கடைக்குப் பக்கம் செய்து கொடு" என்று கேட்டால் ஒரு நிமிடத்தில் கொடுத்துவிடும். கற்கும் காலத்தில் அப்படிக் கேட்காதீர்கள். நீங்கள் எழுதியதைக் கொடுத்து, "என் மூன்றாவது பொத்தான் ஏன் கீழே விழுகிறது, விடையை எழுதாதே, எங்கே பார்க்கவேண்டும் என்று மட்டும் சொல்" என்று கேளுங்கள். அப்படிக் கேட்டால் பொறுமையான ஆசிரியர் அது.

பயிற்சி மையத்தில் சேரலாமா?

தனியாக உட்கார்ந்து படிக்க முடியாதவர்களுக்கு வகுப்பு உதவும்தான். பணம் கட்டுமுன் மூன்று கேள்வி கேளுங்கள். எச்டிஎம்எல்லும் சிஎஸ்எஸ்ஸும் கையால் எழுத எத்தனை வாரம்? போன பிரிவில் படித்தவர்கள் செய்த பக்கங்களின் முகவரி ஐந்து தரமுடியுமா? நான் எழுதியதை யார் பார்த்துத் திருத்துவார்? பாடத்திட்டத்தில் பதினைந்து மென்பொருள் பெயர்கள் வரிசையாக இருந்து, இந்தக் கேள்விகளுக்கு மழுப்பலான பதில் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். கட்டிய முப்பதாயிரம் திரும்ப வராமல் அழுதவர்களோடு பேசியிருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு கடுமையாகச் சொல்கிறேன்.

ஒப்படைக்கும்போது

கடைக்குச் சொந்த முகவரி வாங்குவதென்றால் கடைக்காரரின் மின்னஞ்சலில், அவர் பெயரில் பதிவு செய்யுங்கள். உங்கள் பெயரில் வேண்டாம். முதல் வருடக் கட்டணம் குறைவாகவும் இரண்டாம் வருடம் கூடுதலாகவும் இருக்கும், இரண்டையும் தாளில் எழுதிக் கொடுங்கள். புதுப்பிக்கவேண்டிய தேதியை அவர் வீட்டு நாட்காட்டியிலேயே குறித்துவிட்டு வாருங்கள்.

பிறகு, பக்கத்தை அவர் கைப்பேசியில் திறந்து கையில் கொடுத்துவிட்டுப் பேசாமல் பக்கத்தில் உட்காருங்கள். எதையும் விளக்காதீர்கள். விரல் எங்கே போகிறது, எங்கே தயங்குகிறது என்று மட்டும் பாருங்கள். தையல் கடை அக்காவிடம் அப்படிக் கொடுத்தபோது, முதல் வரியில் நேரத்தைப் பார்த்துத் தலையாட்டினார். அடுத்து ஆரி ஒர்க் விலையைத் தேடி மூன்று முறை மேலும் கீழும் தள்ளினார். படங்கள் அழகாக வந்துவிட்ட மகிழ்ச்சியில், விலைப்பட்டியலை அவற்றுக்குக் கீழே இறக்கிவிட்டிருந்தேன். நோட்டில் வரைந்த வரிசை சரியாகத்தான் இருந்தது. அன்றிரவே விலைப்பட்டியலைப் படங்களுக்கு மேலே ஏற்றி, மறுநாள் காலை கடை திறந்ததும் திரும்பக் கொண்டுபோய்க் காட்டினேன்.